ஈரம் போனால்தான் தைலம்: மேற்பூச்சு மூலிகை மருந்துகளை வீட்டில் செய்யும் முறை

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில், ஆயா (எங்கள் பாட்டி) இருந்தவரை, பங்குனி பிறந்தால் ஒரு கண்ணாடி பாட்டில் வெயிலில் வந்து உட்கார்ந்துவிடும். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். உள்ளே எண்ணெய் நாளுக்கு நாள் நிறம் மாறி, கடைசியில் நாவற்பழத்தைப் பிழிந்து ஊற்றியது போல ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தூக்கிப் பார்ப்பதுதான் எனக்கு வேலை.

ஆயா போன பிறகு நானாகச் செய்த முதல் தைலம் குப்பைமேனி. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தேன், புளித்த வாடை அடித்தது. மேலே வெள்ளையாகப் பூசணம். எதிர்வீட்டு அத்தை பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அடியில் எண்ணெயோடு சேராமல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. "எலையில தப்பில்ல கண்ணு, தண்ணிய உள்ளயே வெச்சு மூடிட்ட" என்றார். கழுவிய இலையை ஈரத்தோடு அரைத்திருந்தேன். சாறு முழுக்கச் சுண்டுவதற்குள் அடுப்பையும் அணைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை செய்தாயிற்று. எந்த இலை எதற்கு என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஈரத்தை எப்படி வெளியேற்றுவது, எந்தப் பதத்தில் இறக்குவது, எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. இங்கே அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

எதற்கு இது, எதற்கு இது இல்லை

சித்த மருத்துவத்தில் மருந்து அக மருந்து, புற மருந்து என்று இரண்டு. இரண்டிலும் 32 வகை சொல்வார்கள். புற மருந்தில் கட்டு, பற்று (அரைத்துப் போடும் விழுது), ஒற்றடம், பூச்சு, வேது (ஆவி பிடிப்பது), பொட்டணம் (மருந்து மூட்டை), களிம்பு என்று தொடங்கி அட்டை விடுதல், அறுவை வரைக்கும் போகும். வீட்டு அடுப்படியில் நம் கைக்கு அடங்குவது பூச்சு, பற்று, ஒற்றடம், பொட்டணம், களிம்பு, பொடி ஆகியவைதான். பொடுகு, பித்தவெடிப்பு, வறண்ட தோல், சின்னச் சிராய்ப்பு, வேலை செய்து பிடித்துக்கொண்ட தோள், பழைய மூட்டு வலி. இந்த எல்லைக்குள் நின்றால் வீட்டு மருந்து நன்றாக உதவும்.

பாம்பு கடித்தால் எந்த இலையையும் தேடி ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. எருக்கம்பால், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் அந்தக் காயத்தில் படக் கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். சூடு உள்ளே இருக்கும்போது எண்ணெய் தடவினால் அந்தச் சூட்டை அங்கேயே பிடித்து வைத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவரின் கால் புண்ணில், எவ்வளவு சிறியதானாலும், வீட்டு மருந்து வேண்டாம். ஆழமான வெட்டு, சீழ் வைத்த புண், காய்ச்சலோடு வரும் வீக்கம் எல்லாமே டாக்டருக்கு உரியவை.

கைக்குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சளிக்கென்று கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரவழைக்கும். 2 வயதுக்குள் கற்பூரம் கலந்த எதையும் தடவாதீர்கள். வேப்பெண்ணெயும் அப்படித்தான். பெரியவர்கள் காலில் பூச நல்லது, குழந்தையின் வாய்க்குள் போனால் விஷம்.

இலை பறிப்பது

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் மானாவாரிச் சீமை. ஆவாரையும் உசிலையும் புங்கனும் வேம்பும் வெட்பாலையும் கேட்காமலே வளர்கிற மண். இலைக்குப் பஞ்சமில்லை, எங்கே பறிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மாந்தோப்பு வரப்பு, தக்காளிக் காட்டு ஓரம், ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களின் வேலி போன்ற இடங்களில் பறிக்காதீர்கள். மருந்தடிக்கிற வயல்கள் அவை. எண்ணெயில் இலையின் சத்து இறங்கும்போது அந்தப் பூச்சிமருந்தும் சேர்ந்து இறங்கும். தொப்பூர் வழியாகப் போகும் பெங்களூரு சாலை ஓரத்து நொச்சியும் வேண்டாம், இலை முழுக்கப் புகையும் தூசியும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றம். வீட்டுக் கொல்லை, தெரிந்தவர்களின் தரிசு நிலம், ஊர்ப் பொதுக் கிணற்றடி போதும்.

இலையில் பனி காய்ந்த பிறகு, காலை 9 மணிவாக்கில் பறியுங்கள். மழை பெய்த மறுநாள் பறிக்காதீர்கள். பூச்சி அரித்தது, புள்ளி விழுந்தது, மஞ்சளானது எல்லாம் கழிவு.

இனி அடையாளம். இதில் அவசரமே கூடாது.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, அதன் மேல் உரசிப் புரளும். எங்கள் வீட்டுப் பூனை அப்படிப் புரண்டதைப் பார்த்த பிறகு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தண்டோடு ஒட்டிய கதிரில் கிண்ணம் போன்ற சின்னப் பச்சை மடல்கள் அடுக்கடுக்காக இருக்கும், அதுதான் சரியான அடையாளம். அது வளரும் அதே குப்பைமேட்டில் பார்த்தீனியமும் வளரும். கேரட் இலை போலப் பிளந்த இலை, பனித்துளி போல வெள்ளைப் பூ. ஒரு கொத்து கலந்துவிட்டாலும் அரிப்பு, தடிப்பு, கொப்புளம். பறித்த இலையை முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்கள், வெட்டுக்காயத்துக்குப் பிழிந்துவிடும் தாத்தாப்பூச் செடியையும் தவிர்ப்பது நல்லது. இரண்டும் ஒரே குடும்பம்.

வெட்பாலையையும் குடசப்பாலையையும் குழப்பிக்கொள்வார்கள். இரண்டையும் கிள்ளினால் பால் வரும், இரண்டும் வெள்ளைப் பூ. காயைப் பாருங்கள். வெட்பாலையில் நீளமான காய்கள் சோடியாகத் தொங்கும், நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் காய்கள் தனித்தனியாக விலகி நிற்கும்.

வீட்டில் தொடக் கூடாதவை சில உண்டு. சேராங்கொட்டை, கொடிவேலி, ஊமத்தை, அரளி, எருக்கம்பால். முதல் இரண்டும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். மற்றவை விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சித்த மருந்துகளில் இவற்றுக்கு இடம் உண்டுதான், ஆனால் சுத்தி செய்யத் (நச்சை முறிக்கத்) தெரிந்த வைத்தியரின் கையில்.

பாத்திரமும் எண்ணெயும்

கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் பாத்திரம், மரக்கரண்டி, வெள்ளைப் பருத்தித் துணி, கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. இவ்வளவுதான். கைப்பிடி அளவு என்று ஆயா சொன்னது ஆயாவின் கைக்கு. அவர் கை 60 வருடம் அளந்து பழகிய கை. நமக்குத் தராசுதான் சரி.

பாட்டிலையும் மூடியையும் 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கவிழ்த்து வடித்து, அரை நாள் வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் இன்னும் காயட்டும். துணியையும் இதே மாதிரி.

எண்ணெயில், தோல் மருந்துக்குத் தேங்காய் எண்ணெய், மூட்டு வலிக்கு நல்லெண்ணெய். செக்கில் ஆட்டியது நல்லது, ஆனால் ஆட்டிய மறுநாளே வாங்காதீர்கள். ஒரு வாரம் தெளிய வைத்த எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். புங்கெண்ணெயும் வேப்பெண்ணெயும் தனியாகப் பூசினால் சிலருக்கு எரியும். மொத்த எண்ணெயில் 4-ல் 1 பங்குக்கு மேல் போக வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும். அது கெட்டுப்போனது ஆகாது. வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

வெயிலில் வைக்கும் தைலம்: வெட்பாலை

அடுப்பே வேண்டாத முறை இது. வெட்பாலை பனிக்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும், பங்குனிக்கு மேல் துளிர்க்கும். இலை முற்றும்போது நம் ஊரில் வெயிலும் உச்சத்தில் இருக்கும். தைலத்துக்கு அதுதான் காலம்.

இலையைக் கழுவ வேண்டுமா என்று கேட்பார்கள். சுத்தமான இடத்து இலையானால் ஈரத்துணியால் இருபுறமும் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் துணியில் பரப்பி, நீர் ஒட்டாமல் போகும்வரை நிழலில் போடுங்கள். "எலை வாடணும், காயக் கூடாது" என்பார் ஆயா. காம்பைப் பிடித்துத் தூக்கினால் இலை துவண்டு தொங்க வேண்டும், கசக்கினால் நொறுங்கக் கூடாது. நிழலில் 4 முதல் 6 மணி நேரத்தில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

வாடிய இலை 100 கிராம், தேங்காய் எண்ணெய் 250 மில்லி. இலையைக் கையால் கிழித்து அகலவாய் பாட்டிலில் போட்டு எண்ணெயை ஊற்றுங்கள். இலை முழுக்க எண்ணெயில் முங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். மிதந்தால், கொதிக்க வைத்துக் காய்ந்த ஒரு கூழாங்கல்லை மேலே வையுங்கள்.

வாயில் துணி கட்டுங்கள், மூடி போடாதீர்கள். இலையின் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். மூடி போட்டால் அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் திரண்டு திரும்ப எண்ணெயில் சொட்டும். காலை 9 மணிக்கு வெயிலில் வைத்து, மாலை 5 மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் வெளியே இருந்தால் பனி இறங்கும். தினமும் ஒருமுறை காய்ந்த மரக்கரண்டியால் கிளறுங்கள்.

முதல் நாளே இலை ஓரத்தில் எண்ணெய் ஊதாவாகத் திரும்பும். மூன்றாம் நாள் கத்தரிப்பூ நிறம், ஏழாம் நாள் கருநாவல். 10 நாள் கழிந்தும் வெறும் பச்சையாகவே இருந்தால் நீங்கள் பறித்தது வெட்பாலை இலையே இல்லை. தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், பிழிந்தால் இலையில் மிச்சமிருக்கும் நீரும் சேர்ந்து இறங்கும். தானாக வடியட்டும். வடிந்த எண்ணெயை 2 நாள் அசைக்காமல் வைத்தால் கசடும், இருந்தால் தண்ணீரும், அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் 2 கரண்டி எண்ணெய் போனால் போகட்டும்.

பொடுகுக்கு, குளிக்க அரை மணி நேரம் முன்னால் தலையில் தேய்க்கலாம். கை கால் வறண்டு செதில் விட்டால் இரவில் பூசலாம். காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸுக்கு சித்த மருத்துவமனைகளில் தரும் 777 எண்ணெயும் இதே வெட்பாலை இலையில் செய்வதுதான். அதற்காக அந்த நோய்க்கு வீட்டிலேயே செய்து பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உள்மருந்தும் பத்தியமும் சேர்ந்த சிகிச்சை அது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். இன்னொன்று, இந்த எண்ணெயின் கறை துணியில் ஏறினால் போகாது. தலையணைக்குப் பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பில் காய்ச்சும் தைலம்: குப்பைமேனி

எண்ணெய் காய்ச்ச நூல்களில் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு 16 பங்கு. அவ்வளவு சாறு சுண்ட ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வீட்டு உபயோகத்துக்கு நான் வைத்திருப்பது விழுது 50 கிராம், தேங்காய் எண்ணெய் 200 மில்லி, சாறு 400 மில்லி. குப்பைமேனி இலையில் இயல்பாகச் சாறு குறைவு. தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்ததே போதும், அந்தத் தண்ணீர் எப்படியும் சுண்டத்தான் போகிறது.

அடி கனமான, உயரமான பாத்திரம் எடுங்கள். எண்ணெய், சாறு, விழுது மூன்றும் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் வரக் கூடாது. நுரைத்துப் பொங்கும். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும், அதனால் குழந்தைகளை அடுப்படிக்குள் விடாதீர்கள். மூன்றையும் பச்சையாக இருக்கும்போதே கலந்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றவே கூடாது, முகத்தில் தெறிக்கும்.

கொதி வரும்வரை மிதமான தீ, அப்புறம் சிறுதீ. இங்கிருந்து காதையும் மூக்கையும் கண்ணையும் அடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

முதலில் பெரிய பெரிய கொப்புளங்களாக, குழம்பு கொதிப்பது மாதிரி, களகளவென்று சத்தம் வரும். வாடை பச்சையாக இருக்கும். சாறு சுண்டச் சுண்டக் கொப்புளம் சிறுத்து, சத்தம் சடசடவென்று மாறும். விழுது அடியில் ஒட்டப் பார்க்கும் நேரம் இது, கரண்டியை நிறுத்தாதீர்கள். பிறகு சத்தம் மெல்ல அடங்கும். பச்சை வாடை போய், கறிவேப்பிலை தாளித்தது போன்ற வாசனை எழும். "சத்தம் அடங்கற வரைக்கும் அடுப்ப வுட்டு நகராத" என்று ஆயா சொன்னதன் அர்த்தம், பூசணம் பூத்த அந்த பாட்டிலைக் கொட்டின அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சத்தம் வருவதே தண்ணீரால். தண்ணீர் இருக்கும்வரை அது வெடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பதம் பார்க்க, கரண்டி நுனியில் கொஞ்சம் விழுது எடுத்து ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். கையில் பிசுபிசுத்துச் சேறு போல ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது. மெழுகு போலத் திரியாக உருண்டால் மெழுகுப் பதம். இன்னும் கொஞ்சம் போய், உருட்டும்போது மணல் போல நறநறத்தால் மணல் பதம். வெளிப்பூச்சுக்கு, மெழுகுப் பதம் தாண்டி மணல் தட்டத் தொடங்கும்போது இறக்குவேன். விழுது கருகிக் கறுத்துவிட்டால் பதம் தப்பியது, அந்த எண்ணெய் தோலுக்கு ஆகாது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். உருட்டிய திரியை இடுக்கியில் பிடித்து விளக்குச் சுடரில் காட்டுங்கள். சடசடத்தால் ஈரம் உண்டு. சத்தமில்லாமல் எரிந்தால் ஈரம் போயிற்று. அடுப்பு எரியும் இடத்தில் செய்யாமல் தள்ளி நின்று செய்யுங்கள்.

பாத்திரத்தின் சூட்டிலேயே விழுது மேலும் முறுகும் என்பதால், இறக்கியதும் காத்திருக்காமல் இளஞ்சூட்டில் வடிகட்டுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் மூடி. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும், திரும்ப அதே தண்ணீர்க் கதை.

வேர்க்குரு, கொசுக்கடித் தடிப்பு, சாதாரண அரிப்பு இவற்றுக்கு இது நல்லது. விரலிடுக்கில் கொப்புளம், இரவில் அதிகமாகும் அரிப்பு, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் என்றால் அது சிரங்குப் பூச்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கி, வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் பூசி, துணிமணியை வெந்நீரில் துவைத்தால்தான் அது ஒழியும். ஒருவர் மட்டும் தைலம் தடவிக்கொண்டிருந்தால் வீடு முழுக்கச் சுற்றி வரும்.

பித்தவெடிப்புக்குக் களிம்பு

கேழ்வரகுக் காட்டில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத் தை, மாசியில் குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். எண்ணெய் மட்டும் பூசினால் மண்ணில் நடந்ததும் போய்விடும். மெழுகு சேர்த்தால் தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தேங்காய் எண்ணெய் 90 கிராம், வேப்பெண்ணெய் 10 கிராம், தேன்மெழுகு 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. மஞ்சளைப் பாக்கெட்டில் வாங்காமல், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விரலி மஞ்சளைக் காய வைத்து இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காகக் கலப்படம் செய்யும் பண்டங்களில் மஞ்சள்தூளும் ஒன்று. மெழுகுவர்த்தியை உருக்கித் தேன்மெழுகுக்குப் பதிலாகப் போடாதீர்கள், அது வேறு மெழுகு.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் இளகும். நேரடித் தீ தேவையில்லை. அகலப் பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை நிறுத்தி, சீவிய மெழுகையும் எண்ணெயையும் போட்டு உருக்குங்கள். கீழ்த்தண்ணீர் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருகியதும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு 2 நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் இன்னும் 3 கிராம் மெழுகு. கல் போல இறுகினால் 2 கரண்டி எண்ணெய். கிருஷ்ணகிரி சித்திரை வெயிலுக்கு மெழுகு கூட வேண்டும், தேன்கனிக்கோட்டைக் குளிருக்குக் குறைக்கலாம். மஞ்சளைக் கடைசியில் போட்டுக் கலக்கி, டப்பாவில் ஊற்றி அசையாமல் ஆறவிடுங்கள்.

இரவில் காலை வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, துவட்டி, களிம்பைத் தேய்த்துப் பழைய காலுறை போட்டுப் படுங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் அது ஆறும்வரை பூச வேண்டாம்.

நொச்சி, புளியிலைப் பொட்டணம்

தருமபுரியில் சாலையோரப் புளிய மரங்களுக்குக் குறைவில்லை. வீக்கத்துக்குப் புளியிலை வேகவைத்து ஒத்தடம் கொடுப்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். நான் நொச்சியும் சேர்த்துக்கொள்வேன், இலை வீட்டுக் கொல்லையிலிருந்து. ஒரு காம்பில் 3 அல்லது 5 இலை, அடிப்புறம் சாம்பல் பூத்தது போல, கசக்கினால் காரமான வாசனை. அது நொச்சி.

இரண்டிலும் சேர்த்து 200 கிராம் இலை, ஆமணக்கெண்ணெய் 2 மேசைக்கரண்டி. எண்ணெயைச் சூடாக்கி இலையை வதக்கி, நிறம் மாறித் துவண்டதும் பருத்தித் துணியில் கொட்டி, கைக்கு அடங்குகிற மூட்டையாக இறுக்கிக் கட்டுங்கள். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தடவி மூட்டையைச் சூடேற்றி, முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். 3 எண்ணும்வரை அங்கே பொறுக்க முடிந்தால் அடுத்தவர் உடம்பில் வைக்கலாம். தொட்டுத் தொட்டு எடுங்கள், ஒரே இடத்தில் அழுத்தி வைக்காதீர்கள். 15 நிமிடம் போதும்.

இன்றைக்கு அடிபட்டு இன்றைக்கே வீங்கிய கணுக்காலுக்குச் சூடு ஆகாது. முதல் 2 நாள் குளிர்ந்த நீர்த் துணியும் ஓய்வும்தான், பொட்டணம் அதற்குப் பிறகு. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது, வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு ஒத்தடமே வேண்டாம். பொட்டணத்தை அன்றைக்கே பயன்படுத்தி அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.

மாம்பால் பட்டால்

கிருஷ்ணகிரியில் மாங்காய் இறங்கும் மாதங்களில் காம்பு கிள்ளும்போது பீய்ச்சும் பால் கன்னத்திலும் கையிலும் பட்டுக் கருகிப் புண்ணாகும். இதற்கு முதல் மருந்து சோப்பும் தண்ணீரும், பட்ட உடனே. தோப்புக்குப் போகுமுன் கையில் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் அவ்வளவாக ஒட்டாது. கழுவிய பிறகும் எரிந்தால் கற்றாழைச் சோறு. மடலை வெட்டி, மஞ்சளாக ஒழுகும் பால் வடியும்வரை சாய்த்து வைத்து, ஏழு தண்ணீரில் கழுவி, அந்தக் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் பூசுங்கள். அந்த மஞ்சள் பால்தான் சிலருக்கு அரிப்பைத் தரும். கண்ணில் மாம்பால் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு நேரே கண் டாக்டரிடம்.

குளியல் பொடி, அரப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உசிலை இலையை நிழலில் காயவைத்து இடித்தால் அரப்பு. ஆவாரம்பூ, பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்தால் குளியல் பொடி. இரண்டிலும் ஒரே விதி, நொறுங்கும்வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடக் கூடாது.

பூசிப் பார்ப்பதும் வைத்திருப்பதும்

புதிதாகச் செய்த எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி 24 மணி நேரம் விடுங்கள். சிவந்தால், அரித்தால், தடித்தால் அது உங்களுக்கு இல்லை. வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொண்டது மற்றவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று கிடையாது, ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரைத்த பற்று அன்றைக்கு மட்டும். தைலத்துக்கு நான் வைத்திருக்கும் கெடு 6 மாதம், களிம்புக்கும் அதுவே. வெயில் படாத அலமாரியில், நிறக் கண்ணாடி பாட்டிலில். பெரிய பாட்டிலைத் தினமும் திறக்காமல், சின்ன பாட்டிலில் ஊற்றிப் புழங்குங்கள். நாள்பட்ட வேர்க்கடலை எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தாலோ, கலங்கினாலோ, மேலே படலம் தெரிந்தாலோ, நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், கொடுக்கத் தோன்றும். சொந்தக்காரர்களுக்கு ஒரு பாட்டில் கொடுப்பது வேறு, லேபிள் ஒட்டி மருந்தென்று விற்பது வேறு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத மருந்து தயாரித்து விற்க உரிமம் வேண்டும்.

கடைசி வேலை, பாட்டிலில் ஒட்டும் காகிதம். என்ன இலை, எங்கே பறித்தது, எந்த எண்ணெய், எத்தனை கிராம், இறக்கிய தேதி, கொட்ட வேண்டிய தேதி, இவ்வளவும் எழுதி, "வெளியே பூச மட்டும், குடிக்கக் கூடாது" என்பதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை இருந்தால் அதை விட்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.